நாய் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவது யார்?

இங்கே ஒரு நாய்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு நீங்கள் அனுப்பிய கேள்வியைச் சுருக்கினால் இரண்டு. ஓர் இனத்து நாய் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் பிரீட் ஸ்டாண்டர்டை எழுதுவது யார்? கால்நடை மருத்துவர்கள் இத்தனை வருடமாகக் குறை சொல்லியும் அதை மாற்ற ஏன் இவ்வளவு சண்டை?

முதல் கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. பிரிட்டனில் ஸ்டாண்டர்டு, நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப்பின் சொத்து. இனவாரிச் சங்கங்களிடம் கருத்துக் கேட்பார்கள், ஆனால் கடைசிக் கையெழுத்து கென்னல் கிளப்புடையது. அமெரிக்காவில் அதற்கு நேர் எதிர். அமெரிக்கன் கென்னல் கிளப், சுருக்கமாக ஏ.கே.சி., ஒவ்வோர் இனத்துக்கும் ஒரே ஒரு சங்கத்தைத் தாய்ச் சங்கமாக ஏற்றுக்கொள்கிறது. ஸ்டாண்டர்டில் ஒரு வரி மாற வேண்டுமென்றால் அந்தச் சங்கத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். மூன்றாவது எஃப்.சி.ஐ. 1911ல் ஐந்து ஐரோப்பிய நாடுகளின் நாய்ச் சங்கங்கள் சேர்ந்து தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பு, பெல்ஜியத்தில் துயின் என்ற சிறிய ஊரில் இருந்து நடக்கிறது. அங்கே இனம் எந்த நாட்டில் தோன்றியதோ அந்த நாடு எழுதுவதுதான் செல்லும். சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா எஃப்.சி.ஐ.யோடு இணைந்தது. ஆகவே நீங்கள் இங்கே ரிங்கில், அதாவது கண்காட்சியின் போட்டிக் களத்தில், பார்த்த லாப்ரடாருக்கு வேர் பிரிட்டனில் எழுதிய வரிகளில் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கான பதில் இந்த முதல் பதிலுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து. சண்டை பெரும்பாலும் நாயின் மூக்கு நீளத்தைப் பற்றியது போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் யாருக்கு ஓட்டு, யாருக்கு இல்லை என்பதில்தான் நிற்கும். தடி எடுத்தவன் தண்டல்காரன் என்பது போல, பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் வீட்டு நாய் சரியான நாய் ஆகிவிடுகிறது.

லாப்ரடாரையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு ஆண் நாய்க்குச் சொல்லும் உயரம் தோளருகே 56 முதல் 57 சென்டிமீட்டர், அதாவது 22 முதல் 22½ அங்குலம். அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு 22½ முதல் 24½ அங்குலம் என்கிறது. பிரிட்டனின் இலட்சிய லாப்ரடார் முடிகிற இடத்தில் அமெரிக்க லாப்ரடார் தொடங்குகிறது! இதுகூடப் பரவாயில்லை, ஜட்ஜ் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பார்ப்பார். ஆனால் 1994ல் அமெரிக்கத் தாய்ச் சங்கம் ஸ்டாண்டர்டைத் திருத்தி, இந்த உயரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ தகுதி நீக்கம் என்று சேர்த்தது. அதுவரை குறை என்று மட்டும் கருதப்பட்ட ஒன்று, ஒரே நாளில் ரிங்கை விட்டு வெளியே அனுப்பும் காரணமாகிவிட்டது. பிரிட்டிஷ் ரத்தத்தில் வந்த குட்டையான, கனமான நாய்களை வைத்து ஷோக்களில் ஜெயித்துக்கொண்டிருந்த பிரீடர்களுக்கு, அதாவது நாயை இனப்பெருக்கம் செய்பவர்களுக்கு, இது நேரடி அடி.

அவர்களில் சிலர் நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். தாய்ச் சங்கம் 1931ல் தொடங்கியது. வேட்டைக் களத்தில் ஓடும் உயரமான நாய்களை வைத்திருப்பவர்களின் பிடியில் அது இருக்கிறது, நாடெங்கும் லாப்ரடார் வளர்ப்பவர்களில் மிகச் சிலர்தான் அதில் உறுப்பினர், எங்களைக் கேட்காமலே எங்கள் நாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் குறை. தொழில் போட்டியை ஒடுக்குவதற்கு எதிரான சட்டத்தின் கீழ்கூட வாதாடினார்கள். நீதிமன்றம் 1999ல் தள்ளுபடி செய்தது, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அதே முடிவு. தனியார் சங்கம் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்ற நிலை உறுதியானது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அன்று நாட்டிலேயே மிகப் பிரபலமாக இருந்த இனத்தின் அளவை ஒரு சிறு வட்டம் தீர்மானித்ததைக் கேள்வி கேட்க வழியே இல்லை என்பதுதான் நடைமுறையில் அதன் பொருள்.

லாப்ரடார் விஷயத்தில் யாருக்கும் உயிர் போகவில்லை. வெள்ளை உடலில் புள்ளிகள் உள்ள டால்மேஷன் விஷயம் அப்படி இல்லை. இந்தத் துறையில் ஒரே ஒரு கதையைத் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

மற்ற நாய்களின் உடல் யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் இன்னொரு பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். டால்மேஷனுக்கு அந்த வேலை சரியாக நடக்காது. சிறுநீரில் யூரிக் அமிலம் அளவுக்கு மீறிச் சேர்ந்து கல்லாகும். ஆண் நாய்களுக்குச் சிறுநீர்ப் பாதை குறுகலாக இருப்பதால் கல் அடைத்துக்கொண்டு, அறுவை சிகிச்சை தாமதமானால் செத்தும்போகும். இதற்குக் காரணமான மரபணுக் குறை இனம் முழுக்கப் பரவியிருந்தது. நல்ல மரபணு ஒரு நாயிடமாவது மிச்சம் இருந்தால் அதை வைத்துப் பெருக்கலாம். பதிவேட்டில் இருந்த தூய டால்மேஷன்களில் அப்படி ஒன்றும் இல்லை. எவ்வளவு கவனமாக ஜோடி சேர்த்தாலும் இல்லாத மரபணுவைக் கொண்டுவர முடியாது அல்லவா?

1973ல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர், டால்மேஷனும் பாய்ண்டர் என்ற வேட்டை நாயும் கலந்து ஒரு ஈற்றுக் குட்டிகளை உருவாக்கினார். அவற்றில் நல்ல மரபணு உள்ள குட்டிகளைத் திரும்பத் திரும்ப டால்மேஷனோடே சேர்த்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் பாய்ண்டர் பங்கு பாதியாகக் குறையும். ஐந்தாவது தலைமுறையில் அது சுமார் 3 சதவீதம்தான். பார்த்தால் டால்மேஷன், சிறுநீரைச் சோதித்தால் ஆரோக்கியமான நாய். 1981ல் ஏ.கே.சி. அப்படிப்பட்ட இரண்டு நாய்களை டால்மேஷன் என்றே பதிவு செய்தது.

அப்புறம்தான் சண்டை. தாய்ச் சங்கமான டால்மேஷன் கிளப் ஆஃப் அமெரிக்காவின் உறுப்பினர்கள் கொதித்தார்கள். எங்களைக் கேட்காமல் எப்படிக் கலப்பைப் பதிவு செய்யலாம், ரத்தத் தூய்மை என்னாவது, பாய்ண்டரிடமிருந்து வேறு என்னென்ன நோய் வருமோ என்று பல வாதங்கள். அந்த நாய்களின் புள்ளிகளும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சிறிதாகவும், நடுவில் வெள்ளை முடி கலந்தும் இருந்தன. ஏ.கே.சி. பின்வாங்கியது, அந்த வழிக் குட்டிகளின் பதிவு நின்றது. ஷைபிளும் அவரோடு சேர்ந்த சிலரும் பதிவேட்டுக்கு வெளியிலேயே தலைமுறை தலைமுறையாக அந்த வரிசையைக் காப்பாற்றி வந்தார்கள்.

புள்ளி விஷயத்தில் ஒரு கசப்பான முரண் உண்டு. பெரிய, விளிம்பு தெளிவான புள்ளி உள்ள நாய்களையே பிரீடர்கள் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வோடு ஒட்டிக்கொண்டுதான் யூரிக் அமிலக் குறையும் இனம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும் என்று மரபியலாளர்கள் கருதுகிறார்கள். ஸ்டாண்டர்டு புள்ளியைப் பற்றி நுணுக்கமாகப் பேசுகிறது, சிறுநீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரிங்கில் நிற்கும் ஜட்ஜுக்குக் கல் தெரியாது, புள்ளி தெரியும்.

2008ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு காரணமான மரபணுவை, எஸ்.எல்.சி.2ஏ9 என்பதை, கண்டுபிடித்தது. இனி எந்தக் குட்டிக்கு நல்ல நகல் இருக்கிறது என்று மரபணுச் சோதனையிலேயே சொல்லிவிடலாம். 2010 ஜனவரியில் பிரிட்டனின் கென்னல் கிளப், அமெரிக்காவிலிருந்து வந்த அந்த வரிசைப் பெண் நாய் ஒன்றைப் பதிவு செய்தது. பாய்ண்டர் பங்கு அப்போது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. பிரிட்டனின் டால்மேஷன் சங்கங்களும் அமெரிக்கச் சங்கம் போலவே எதிர்த்தன. வித்தியாசம், அவர்களுக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை. அடுத்த ஆண்டே அந்த நாய், கென்னல் கிளப் நடத்தும் பெரிய கண்காட்சியான கிரஃப்ட்ஸ் ஷோவில் நடந்தது. அமெரிக்காவில் தாய்ச் சங்கத்தின் உறுப்பினர்கள் மனம் மாறி ஆதரவாக வாக்களிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2011ல்தான் ஏ.கே.சி. கதவைத் திறந்தது. 1981லிருந்து கணக்குப் போட்டால் 30 வருடம். ஒரே நாய், ஒரே மரபணு, ஒரே எதிர்ப்பு. ஆனால் அமைப்பின் சட்டம் வேறு என்பதால் முடிவு வந்த வேகமும் வேறு.

சரி, அப்படியென்றால் எல்லா அதிகாரமும் மையத்தில் இருக்கும் பிரிட்டிஷ் முறைதான் நல்லதா? அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. கென்னல் கிளப் 1873ல் லண்டனில் தொடங்கியது. இன்றைய ராயல் பட்டம் 2023ல் வந்தது. பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்கவே அதற்கு 1970களின் கடைசி ஆனது, அதுவும் ஃப்ளோரன்ஸ் நேகிள் என்ற பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் வழக்குப் போடுவேன் என்று நின்ற பிறகு. நாய் வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் இது எவ்வளவு அபத்தம் என்று புரியும். எல்லா ஸ்டாண்டர்டையும் திருத்தும் அதிகாரம் அதன் கையில் பல பத்தாண்டுகளாக இருந்தது. அதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது 2008 ஆகஸ்ட்டில் பிபிசி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பிய பிறகுதான். மண்டை ஓடு சிறிதாகி மூளைக்கு இடம் போதாமல் வலியில் துடிக்கும் கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல்களைப் பிரிட்டன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தது. பிபிசி 2009ல் கிரஃப்ட்ஸ் ஒளிபரப்பையே கைவிட்டது. விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. விலகியது, நாய் உணவு விற்கும் விளம்பரதாரரும் விலகினார்.

2009 தொடக்கத்தில் கென்னல் கிளப் ஸ்டாண்டர்டுகளை மொத்தமாகத் திருத்தியது. நெருங்கிய ரத்த உறவில், அதாவது தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்றும் அறிவித்தது. அதற்கு முன்புவரை பதிவு செய்தார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். புல்டாக் ஸ்டாண்டர்டில் பெரிய தலை, குட்டை முகம் என்று இருந்த இடங்களில் 'ஓரளவு' என்ற பொருளில் ஒரு சொல் நுழைந்தது. புல்டாக் சங்கங்கள் இதை எங்கள் இனத்தையே அழிக்கும் வேலை என்றன, வழக்கு வரை பேச்சுப் போனது. ஒரு சொல்லுக்கா இவ்வளவு என்று தோன்றும். குட்டி விலையும், இணை சேர்ப்புக் கட்டணமும், 30 வருடமாகக் கட்டி வளர்த்த வரிசையின் பெயரும் அந்தச் சொல்லில் தொங்குகின்றன.

2012 மார்ச்சில் அடுத்த கட்டம். ஆரோக்கியக் கவலை அதிகமுள்ள 15 இனங்களில் பெஸ்ட் ஆஃப் பிரீட், அதாவது தன் இனத்தில் முதல் பரிசு, வாங்கும் நாயை ஒரு தனி கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே அடுத்த சுற்று என்று விதி. கிரஃப்ட்ஸில் ஆறு இனங்களின் வெற்றியாளர்கள் தோற்றன: பெக்கிங்கீஸ், புல்டாக், கிளம்பர் ஸ்பேனியல், பாசெட் ஹவுண்ட், மாஸ்டிஃப், நியாபாலிட்டன் மாஸ்டிஃப். வருடக்கணக்கில் உழைத்து வென்ற நாயை, சில நிமிடச் சோதனையில் எல்லோர் முன்னும் அவமானப்படுத்தினார்கள் என்று கண்காட்சிக்காரர்கள் கொந்தளித்தார்கள். 'கேனைன் அலையன்ஸ்' என்று தனி அமைப்பே கிளம்பியது.

அவர்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நாய்களுக்குப் பரிசு கொடுத்த ஜட்ஜை நியமித்ததும் அதே கென்னல் கிளப், ஸ்டாண்டர்டை எழுதியதும் அதே கிளப். தண்டனை மட்டும் நாய்க்காரருக்கு. ஆனால் அன்று மருத்துவர்கள் கையில் இருந்தது ஒரு சிறிய டார்ச் மட்டும்தான். எக்ஸ்ரே இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. வெறும் கண்ணால் தெரியும் கோளாறைத்தான் அவர்கள் சொன்னார்கள். அப்படியென்றால் ஜட்ஜின் கண்ணுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் பரிசு கொடுத்தாரா, பார்த்துப் பார்த்துப் பழகி அதுதான் இயல்பு என்று ஆகிவிட்டதா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன், அதுதான் எனக்குக் கூடுதல் கவலை.

ஏனென்றால் இந்த உலகம் மிகச் சிறியது. இன்று ஜட்ஜாக நிற்பவர் நாளை தன் நாயோடு ரிங்கில் நிற்பார், நாளன்றைக்கு அவர் கென்னல் ஆண் நாய்க்கு இங்கே யாரோ பெண் நாயை அனுப்புவார். லஞ்சம் என்று சொல்லவில்லை. ஒருவர் ரசனை இன்னொருவருக்குத் தொற்றிக்கொள்ள லஞ்சம் தேவையே இல்லை. காகிதத்தில் ஒரு வார்த்தை மாறாமலே பத்து வருடத்தில் நாய் மாறிவிடும். 2016 கிரஃப்ட்ஸில் ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தில் வென்ற நாய் பின்புறம் சரிந்து, கால் தடுமாறி நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கொதித்த பிறகு, கென்னல் கிளப் ஸ்டாண்டர்டில் ஒன்றைச் சேர்த்தது: நாய் யாருடைய பிடிப்பும் தாங்கலும் இல்லாமல் சிரமமின்றித் தானே நிற்க வேண்டும். நாய் என்றால் நிற்கத் தெரிய வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டிய நிலை.

எஃப்.சி.ஐ. முறையில் வரும் தகராறு வேறு ரகம். தாய்நாடு சொல்வதே சட்டம் என்றால், நாய் கப்பலேறிப் போன ஊர்க்காரர்களுக்கு என்ன உரிமை? இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் ஜப்பானிலிருந்து அகிடா நாய்களைக் கொண்டுபோனார்கள். அங்கே அது கனத்து, முகத்தில் கருப்பு முகமூடியோடு கரடி மாதிரி வளர்ந்தது. ஜப்பானில் அதே காலத்தில் அந்நியக் கலப்பின் சாயலை நீக்கி, நரி முகச் சாயலுள்ள பழைய அகிடாவை மீட்டுக்கொண்டிருந்தார்கள். 1974 முதல் 1992 வரை ஜப்பானிய நாய்களை ஏ.கே.சி. பதிவு செய்யாததால் இரண்டு ரத்தமும் கலக்க வழியில்லாமல் போனது. ஜப்பானின் வற்புறுத்தலில் எஃப்.சி.ஐ. 2000த்திலிருந்து அவற்றை இரண்டு இனமாகப் பிரித்தது. அமெரிக்க வகைக்கு முதலில் வைத்த பெயர் கிரேட் ஜாப்பனீஸ் டாக். ஜப்பான் வேண்டாம் என்று ஒதுக்கிய நாய்க்கு ஜப்பான் பெயர்! 2006ல் அமெரிக்கன் அகிடா என்று மாற்றினார்கள். ஏ.கே.சி. நீண்ட காலம் இரண்டும் ஒன்றுதான் என்று நின்றது. ஆகவே அந்தக் காலத்தில் ஒரே நாய் விமானம் ஏறி இறங்கினால் இனம் மாறிவிட்டது.

ஸ்டாண்டர்டே வேண்டாம் என்பவர்களும் உண்டு, அவர்களைச் சொல்லாமல் விட முடியாது. செம்மறி மேய்க்கும் பார்டர் கோலியை வேலையை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், காது இப்படி, வால் அப்படி என்று அழகு பார்த்தால் மேய்க்கும் புத்தி போய்விடும் என்று அமெரிக்காவில் அதை வேலைக்கு வைத்திருந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பை மீறி ஏ.கே.சி. 1995ல் அதை முழு இனமாக ஏற்றது. தாய்ச் சங்கமாக ஒப்புக்கொள்ள வேறொரு சங்கம் தயாராக இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. ஜாக் ரஸ்ஸல் டெரியர் விஷயத்திலும் இதே கதை. வேலைக்கார நாய்ச் சங்கம் இன்றும் தன் உறுப்பினர்கள் அந்த நாய்களை ஏ.கே.சி.யில் பதிவு செய்யக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது.

இப்போது பேனா வேறொரு கைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. நெதர்லாந்தில் மூக்கு நீளம் மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாயை வைத்துக் குட்டி எடுக்கக் கூடாது என்று அரசு 2019ல் தெளிவாக்கியது. நார்வேயில் ஒரு விலங்கு நல அமைப்பு கென்னல் கிளப் மீதும் பிரீடர்கள் மீதும் வழக்குப் போட்டது. 2022 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் கவாலியர், புல்டாக் இரண்டையும் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பியது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கவாலியர் தடையை உறுதிசெய்தது. ஸ்டாண்டர்டைத் திருத்துங்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கவாலியரில் மூளை நோயும் இதய நோயும் இனத்துக்குள் அவ்வளவு பரவிவிட்டதால் ஸ்டாண்டர்டில் எந்த வரியை மாற்றினாலும் போதாது. வேறு இனத்தோடு முறையாகக் கலந்து ஆரோக்கியமான குட்டிகளைக் கொண்டுவருவதற்குத் தடையில்லை. 1973ல் ஷைபிள் செய்தது அதைத்தான்.